எச்சில் உறிஞ்சும் உத்தியோகம்

உலகத்தில் எத்தனையோ கௌரவமான உத்தியோகங்கள் இருக்கின்றன. எனக்கு வாய்த்தது அடுத்தவர் எச்சிலை உறிஞ்சும் உத்தியோகம். ஜாலான் புசார் தெருவில், பைப்பும் ஆணியும் விற்கும் ஹார்டுவேர் கடைகளுக்கு மேல்மாடியில் இருக்கிறது எங்கள் பல் மருந்தகம். டாக்டர் பல்லைக் குடையும்போது நோயாளியின் வாய்க்குள் சக்‌ஷன் குழாயைப் பிடித்துக்கொண்டு நிற்பது என் வேலை. பதினொரு வருடமாக நிற்கிறேன். எல்லோரும் "நர்ஸ் அக்கா" என்று கூப்பிடுகிறார்கள். நான் நர்ஸ் இல்லை என்று திருத்துவதை இரண்டாம் வருடமே விட்டுவிட்டேன்.

நீங்களும் அந்த நாற்காலியில் படுத்தவர்கள்தான். வாயைப் பிளந்துகொண்டு விளக்கை வெறித்தபடி, "லீவுக்கு எங்க போனீங்க?" என்று டாக்டர் கேட்க, "ஆ... ஆ..." என்று பதில் சொன்னவர்கள்தான். அப்போது வாயில் ஊறிக்கொண்டே இருந்ததை நினைத்துக் கூசிப் போயிருப்பீர்கள். கூச வேண்டாம். எச்சில் இல்லாத வாய், குப்பை வண்டி வராத அடுக்குமாடி புளோக் மாதிரி என்பார் எங்கள் டாக்டர். சாப்பிட்ட மிச்சத்தை அலசுவது, புளிப்பை அடக்குவது, பல்லில் கரைந்துபோன சத்தைத் திரும்பக் கொண்டுவந்து பூசுவது, கிருமியை அடக்கி வைப்பது எல்லாம் அதுதான். அப்படிப்பட்ட அருமையான சாமானை உறிஞ்சி நாள் முழுக்கச் சாக்கடைக்கு அனுப்ப என்னை ஏன் வைத்திருக்கிறார் என்று நான் கேட்டதில்லை.

நான்கு பல், எட்டு வாரம்

பாண்டியன் முதல் தடவை வந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம். பட்டுக்கோட்டைப் பக்கத்துக்காரர், முப்பத்திரண்டு வயது. தஞ்சோங் பகாரில் எழும்பிக்கொண்டிருக்கும் ஒரு கட்டடத்தில் டவர் கிரேன் ஓட்டுகிறார். அரை நாள் வேலையை முடித்துவிட்டு நேராக வந்திருந்தார். வாயைத் திறந்ததும் டாக்டர் மாஸ்க்குக்குள் பெருமூச்சு விட்டது எனக்குக் கேட்டது. மேல்வரிசை முன்பற்கள் நான்கும் ஈறோரம் பழுப்பாக அரித்துப் போயிருந்தன. ஒரு நாளைக்கு எத்தனை தடவை பல் தேய்ப்பீர்கள் என்று கேட்டால், மூன்று தடவை என்றார். டாக்டர் நம்பவில்லை. நானும் நம்பவில்லை. அந்த நாற்காலியில் படுத்து உண்மை சொன்னவர்களை நான் விரல் விட்டு எண்ணிவிடுவேன்.

நான்கையும் பிடுங்கிவிட்டுப் பல்செட் வைத்துக்கொள்ளலாம் என்றார் டாக்டர். அப்போதுதான் பாண்டியன் தன் பிழைப்பைப் பற்றிச் சொன்னார். மேலே தனியாக உட்கார்ந்திருக்கும் அவருக்கும் கீழே சிக்னல் கொடுப்பவருக்கும் நடுவில் இருப்பது வாக்கி டாக்கி ஒன்றுதான். முன்பல் இல்லாமல் பேசினால் பாதி காற்றாகப் போய்விடும். தூக்குகிறேன் என்கிறாரா, இறக்குகிறேன் என்கிறாரா என்று கீழே புரியாவிட்டால் யார் தலையிலாவது இரும்பு விழும். அதற்கு முன்பே சேஃப்டி ஆபீசர் அவரைக் கிரேனிலிருந்து இறக்கிவிடுவார்.

பல்செட் இருக்கிறதே என்று சொல்லிக்கொண்டே டாக்டர் உள்ளே விட்ட சின்னக் கண்ணாடி, கன்னத்தின் உட்பக்கம் ஒட்டிக்கொண்டு வர மறுத்தது. என் குழாயும் வெறும் காற்றைத்தான் உறிஞ்சியது. வாய் அப்படிக் காய்ந்து கிடந்தது. எச்சில்தான் பல்செட்டையே பிடித்து நிறுத்தும். அது இல்லாத வாயில் பல்செட் வைத்தால் பேச்சுக்குப் பேச்சு கழன்று விழும். ஆகவே டாக்டர் எட்டு வாரம் கெடு வைத்தார். அரித்த இடத்தைத் தற்காலிகமாக அடைப்பது, வாய் ஏன் காய்கிறது என்று கண்டுபிடிப்பது, பல் நின்றால் வைத்துக்கொள்வது, இல்லையென்றால் பிடுங்குவது. பாண்டியன் எழுந்து என்னிடம் மெதுவாகச் சொன்னார்: "இந்த நாலும் நிக்கணும்க்கா. இது போச்சுன்னா நான் கீழ இறங்கி சிமெண்ட் மூட்டைதான் தூக்கணும்."

இந்த ஊரில் துப்பச் சொன்னால்

காரணம் கண்டுபிடிக்க முதலில் எச்சிலை அளக்க வேண்டும். மெழுகு மாதிரி ஒரு துண்டை ஐந்து நிமிடம் மென்று, ஊறுவதையெல்லாம் கோடு போட்ட ஒரு சின்னக் கப்பில் துப்ப வேண்டும். கேட்க எளிதாகத்தான் இருக்கிறது. ஆனால் துப்பினால் அபராதம் என்று வந்து இறங்கிய நாளிலிருந்து சொல்லி வைத்திருக்கும் ஊரில், முகமூடி போட்ட இரண்டு பேர் நின்றுகொண்டு "நல்லா துப்புங்க" என்றால் மனிதன் என்ன நினைப்பான்? இதற்கு முன் வந்த நோயாளி ஒருவர் மேலே கேமரா இருக்கிறதா என்று பார்த்தார். இன்னொருவர் முதலில் கதவைச் சாத்தச் சொன்னார்.

பாண்டியன் எதுவும் கேட்கவில்லை. சமர்த்தாக மென்றார். ஐந்து நிமிடம் கழித்துக் கப்பைப் பார்த்தால் ஒரு பொட்டு ஈரமில்லை. டாக்டர் பதறிவிட்டார். சுரப்பியே செத்துவிட்டதா, ஸ்கேன் எடுக்கலாமா, பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதலாமா என்று கம்ப்யூட்டரில் பாதிக் கடிதம் அடித்துவிட்டார். எனக்கு மட்டும் சந்தேகம். ஐந்து நிமிடமும் அந்த மனிதரின் தொண்டை ஏறி இறங்கிக்கொண்டிருந்ததை நான் பார்த்திருந்தேன். "தம்பி, ஊறினதையெல்லாம் என்ன பண்ணீங்க?" என்றேன். நெளிந்தார்.

மறுபடியும் மெல்லச் சொல்லிவிட்டு நானும் டாக்டரும் சுவர்ப்பக்கம் திரும்பி நின்று, மாட்டியிருந்த காலண்டரை ஐந்து நிமிடம் படித்தோம். இந்தத் தடவை கப்பில் கொஞ்சம் இருந்தது. முதல் கோட்டைக்கூடத் தொடவில்லை. ஆனால் சுரப்பி உயிரோடு இருக்கிறது என்று தெரிந்தது. டாக்டர் தான் அடித்த கடிதத்தைச் சத்தமில்லாமல் அழித்தார். பாண்டியன் குனிந்துகொண்டு சொன்னார்: "லேடீஸ் ரெண்டு பேரு நிக்கிறீங்க, எதிர்ல எப்படிக்கா துப்புறது? மரியாதையா இருக்காதேன்னு முழுங்கிட்டேன்."

வெள்ளி டம்ளர்

அந்தக் கப்பு விஷயத்தில் பாண்டியன் தேவலை என்று நினைக்க வைத்தவர் ஓர் அம்மையார். ஒரு சங்கத்தின் மகளிர் பிரிவுத் தலைவி. செராங்கூன் ரோட்டில் எந்த விழா நடந்தாலும் முதல் வரிசையில் அவருக்கு நாற்காலி உண்டு. அவருக்கும் வாய் காய்ந்து நாக்கு எரிச்சல். "எச்சிலை அளக்கணும்மா" என்றேன். "உமிழ்நீர்னு சொல்லும்மா" என்று திருத்தினார். சரி, உமிழ்நீர். பிளாஸ்டிக் உறையைக் கிழித்துப் புதுக் கப்பைக் கொடுத்தேன். யார் வாய் வைத்ததோ என்று கையில் வாங்க மறுத்துவிட்டார். மறுநாள் கைப்பையிலிருந்து வெள்ளி டம்ளர் ஒன்றை எடுத்தார். வாங்கியதிலிருந்து அதில் யார் உதடும் பட்டதில்லையாம், அண்ணாந்துதான் குடிப்பாராம். அந்தப் பெருமைக்குரிய டம்ளரில் அன்றைக்குத் துப்பினார். கோடு இல்லாததால் டாக்டர் அதை ஊசிக்குழாயில் எடுத்து அளந்தார்.

காரணம் சுலபமாகக் கிடைத்தது. ரத்த அழுத்தத்துக்கு ஒரு மாத்திரை, தும்மலுக்கு ஒரு மாத்திரை, இரண்டும் சேர்ந்து வாயைக் காய வைத்திருந்தன. மாத்திரையை மாற்ற அவருடைய டாக்டருக்குக் கடிதம் எழுதினோம். எச்சில்தான் வாய்க்குக் காவல் என்று எங்கள் டாக்டர் விளக்கியதும் அம்மையார் உருகிவிட்டார். அடுத்த மாதமே சங்கத்தில் "உமிழ்நீரின் மேன்மை" என்று அரை மணி நேரம் பேசினார். நானும் போயிருந்தேன். கைதட்டல் அடங்கி மேடையிலிருந்து இறங்கியவர், சமையல் பக்கம் ஒரு பெண் கரண்டியிலேயே பாயசத்தை ருசி பார்த்ததைக் கண்டுவிட்டார். இப்போதுதான் மேன்மை என்றீர்களே என்று அந்தப் பெண் கேட்டுவிட்டாள். அம்மையார் அசரவில்லை: "மேடைப் பேச்சு வேற, பாயசம் வேற. கரண்டியை மாத்து."

மீட்டிங்குக்கு மீட்டிங் கொப்பளிப்பு

அம்மையாரின் மாத்திரை விஷயம் தெரிந்த அன்றே பாண்டியனுக்குப் போன் போட்டு, மாத்திரை ஏதாவது சாப்பிடுகிறாரா என்று கேட்டேன். தலைவலிக்குக்கூட இல்லை என்றார். இரண்டு வாரம் போய்விட்டது. அடைத்த இடத்துக்குப் பக்கத்திலேயே புதிதாக அரிக்க ஆரம்பித்திருந்தது. எனக்குக் கவலையாகத்தான் இருந்தது.

அந்த வாரம் வந்தவர் சென்னையிலிருந்து வந்து ஐடி கம்பெனியில் மேனேஜராக இருப்பவர். வாயைத் திறந்தால் புதினாத் தோட்டம். ஆனால் உள்ளே கன்னமெல்லாம் சிவந்து கிடந்தது. ஒவ்வொரு மீட்டிங்குக்கு முன்னாலும் கொப்பளிப்பாராம், எரிகிற வகை மருந்தாகப் பார்த்து. ஒரு நாளைக்கு எத்தனை மீட்டிங் என்றேன். ஏழு என்றார் பெருமையாக. அதில் இருக்கும் ஆல்கஹால் வாயைக் காய வைக்கும் என்று டாக்டர் சொல்ல, தான் இன்டர்நெட்டில் படித்ததை அவர் டாக்டருக்கு விளக்கினார். டாக்டர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, எச்சில் என்னென்ன வேலை செய்கிறது என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். "அப்போ அது எங்க சப்போர்ட் டீம் மாதிரி. ஓடிட்டு இருக்கும்போது யாரும் மதிக்க மாட்டோம், நின்னாதான் மேல வரைக்கும் கம்ப்ளெயின்ட் போகும்" என்றார் மேனேஜர். அவருக்குப் புரியும் பாஷையில் அது சரிதான்.

அவர் படியிறங்கியதும் மறுபடி பாண்டியனைக் கூப்பிட்டேன். "தம்பி, வாய் கொப்பளிக்கிற மருந்து ஏதாச்சும் மேல வெச்சிருக்கீங்களா?" அந்தப் பக்கம் காற்று இரைந்தது. சிரித்துக்கொண்டே பதில் சொன்னார்: "மருந்தா? மேல வாய் கழுவவே தண்ணி கிடையாதுக்கா."

கண்ணாடிக் கூண்டு

அந்த ஒரு வாக்கியத்தை வைத்துக்கொண்டு அடுத்த ஞாயிறு அவரை உட்கார வைத்து நான் குறுக்கு விசாரணை செய்தேன். டாக்டர் பக்கத்தில் நின்றார். காலை ஏழரைக்கு ஏணியில் ஏற ஆரம்பித்தால் கூண்டுக்குப் போய்ச் சேர இருபது நிமிடம். மதியச் சாப்பாடு கயிற்றில் கட்டி மேலே வரும். சாயங்காலம்தான் இறங்குவார். தண்ணீர்? சாப்பாட்டோடு இரண்டு மடக்கு. அதற்கு மேல் குடித்தால் இறங்க வேண்டி வரும். மேலே கழிப்பறை கிடையாது. இறங்கி ஏறுவதற்குள் நாற்பது நிமிடம் போய்விடும், அத்தனை நேரம் கிரேன் நிற்கும், கிரேன் நின்றால் கீழே எல்லோரும் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நிற்பார்கள்.

வாய் வறண்டால் என்ன செய்வீர்கள் என்று கேட்டார் டாக்டர். பாண்டியன் சட்டைப் பையிலிருந்து ஒரு பாக்கெட் புதினா மிட்டாயை எடுத்துக் காட்டினார். தொண்டைக்கு இதமாக இருக்குமாம். பத்து நிமிடத்துக்கு ஒன்றாக ஒரு நாளைக்கு ஒரு பாக்கெட் காலி. டாக்டர் தலையில் கை வைத்துக்கொண்டார். ஒரு மிட்டாய் உண்டாக்கும் புளிப்பை அடக்க நல்ல எச்சிலுக்கே அரை மணி நேரமாவது வேண்டும். இங்கே எச்சிலும் இல்லை, பத்து நிமிடத்துக்கு ஒரு மிட்டாய். மூன்று தடவை தேய்க்கிறேன் என்று அவர் சொன்னது உண்மைதான். நம்பாமல் போனதற்கு எனக்கு வெட்கமாக இருந்தது.

வெட்கத்தை மறைக்க எதையாவது கேட்க வேண்டுமே. ஒன்றுக்கு வந்தால் மற்ற ஆபரேட்டர்கள் என்ன செய்கிறார்கள் என்றேன். பாட்டில் வைத்திருப்பார்கள் என்றார். நீங்களும் வைத்துக்கொண்டால் என்ன என்று கேட்டுவிட்டேன். பாண்டியன் டாக்டரைப் பார்க்காமல் என்னைப் பார்த்துச் சொன்னார்: "சுத்தியும் கண்ணாடிக்கா. எதிர்ல ஆபீஸ் பில்டிங்கு. இருபத்தாறாவது மாடியில ஒரு அம்மா தினமும் எனக்கு குட்மார்னிங் சொல்லுது."

அனுமதி பெற்று மெல்லுதல்

மிட்டாயை நிறுத்தச் சொல்லிவிட்டு, எச்சில் ஊற வைக்கச் சர்க்கரை இல்லாத சூயிங் கம் மெல்லுங்கள் என்றார் டாக்டர். சூயிங் கம் விற்கவே தடை போட்ட ஊர் இது. பாண்டியன் மிரண்டு போனார். முதலில் துப்பச் சொன்னார்கள், இப்போது சூயிங் கம் மெல்லச் சொல்கிறார்கள், இந்தப் பல் டாக்டர் என்னை ஊருக்கு அனுப்பாமல் விட மாட்டார் என்பது அவர் முகத்தில் எழுதியிருந்தது. இது மருந்தாகக் கொடுக்கும் வகை, தப்பில்லை என்று நானே மருந்துக்கடைக்குக் கூட்டிப் போனேன். பெயரும் அடையாள அட்டை எண்ணும் கேட்டுக்கொண்டு, ஏதோ துப்பாக்கி கொடுப்பது போலக் கொடுத்தார்கள்.

மூன்றாம் நாள் மாட்டிக்கொண்டார். கூண்டுக்குள் இருக்கும் கேமராவில் அவர் தாடை அசைவதைச் சூப்பர்வைசர் பார்த்துவிட்டார். நாலு பேர் முன்னால் பாக்கெட்டைப் பறித்து, எங்கே கிடைத்தது என்று எழுதி வாங்கிக்கொண்டார்கள். எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. டாக்டர் கம்பெனிக்குக் கடிதம் எழுதினார். முதல் பத்தியில், இவர் மெல்லுவது சிகிச்சை. இரண்டாம் பத்தியில், ஒரு ஷிப்டுக்கு இரண்டு தடவையாவது தண்ணீருக்கும் கழிப்பறைக்கும் இவரை இறக்கிவிட வேண்டும், இல்லாவிட்டால் பற்கள் போய்விடும். அந்த இரண்டாம் பத்தியை நான்தான் பக்கத்தில் நின்று எழுத வைத்தேன்.

கம்பெனி அழகான ஆங்கிலத்தில் பதில் போட்டது. ஊழியர் நலனில் தங்களுக்கு இருக்கும் அக்கறையைச் சொல்லி, முதல் பத்தியை ஏற்றுக்கொண்டார்கள். இரண்டாம் பத்திக்கும் உடனே நடவடிக்கை எடுத்தார்கள். எல்லாக் கிரேன் கூண்டிலும் நான்கு மொழியில் ஒரு ஸ்டிக்கர் ஒட்டினார்கள்: தினமும் எட்டு டம்ளர் தண்ணீர் குடியுங்கள். பாண்டியன் அதைப் படம் எடுத்து எனக்கு அனுப்பி, கூடவே குரல் செய்தியும் போட்டிருந்தார்: "தமிழ்ல எழுத்துப் பிழை இல்லாம போட்டிருக்காங்கக்கா. குடிச்ச எட்டு டம்ளரை எங்க இறக்குறதுன்னுதான் போடல."

எட்டாவது ஞாயிறு

கெடு முடிந்த ஞாயிறு, பிடுங்கும் சாமான்களை எடுத்துத் தட்டில் அடுக்கி மேலே துணி போட்டு மூடி வைத்தேன். எனக்கு நம்பிக்கை இல்லை. பாண்டியன் படுத்தார், வாயைத் திறந்தார். டாக்டர் விட்ட கண்ணாடி ஒட்டாமல் வழுக்கிக்கொண்டு போனது. நான் குழாயை வைத்தேன். களக்களக்கென்று சத்தம் வந்தது. பதினொரு வருடமாக அந்தச் சத்தம் கேட்டுச் சலித்தவள், அன்றைக்கு அதைக் கேட்டு அழுதுவிடுவேன் போல நின்றேன். டாக்டர் ஒவ்வொரு பல்லாகக் குத்திப் பார்த்தார். ஒன்று வேர் வரைக்கும் போயிருந்தது, அதை எடுத்தாக வேண்டும். மற்ற மூன்றிலும் அரிப்பு நின்று, இளகியிருந்த இடம் இறுகியிருந்தது. "மூணு நிக்கும் லா. ஒரு ஓட்டையை அடைச்சுக்கலாம், பேச்சு போகாது" என்றார்.

தண்ணீர் குடித்தீர்களா என்று கேட்டேன். குடித்தாராம், ஸ்டிக்கரில் போட்டிருந்தபடியே. வயிறு முட்டியதும் யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. வாக்கி டாக்கியை எடுத்து, கிரேனை நிறுத்துகிறேன், கீழே இறங்குகிறேன், நாற்பது நிமிடம் என்று அறிவித்துவிட்டு ஏணியில் கால் வைத்திருக்கிறார். சூப்பர்வைசர், நீ சொன்னது கேட்கவில்லை என்று கத்தியிருக்கிறார். தளத்தில் வாக்கி டாக்கி வைத்திருந்த மற்ற எல்லோரும் எங்களுக்குத் தெளிவாகக் கேட்டது என்று ஒவ்வொருவராகப் பதில் சொல்லியிருக்கிறார்கள். தினமும் இரண்டு தடவை இப்படி இறங்குகிறார். கம்பெனி இதுவரை இரண்டு எச்சரிக்கைக் கடிதம் கொடுத்திருக்கிறது. மூன்றாவது வந்தால் வேலை அனுமதி ரத்து, ஊருக்கு விமானம்.

மரத்துப்போன உதட்டைத் துடைத்துக்கொண்டு, பஞ்சைக் கடித்தபடி பாண்டியன் எழுந்தார். அடுத்த மாதம் வரச் சொல்லி அட்டையை நீட்டினேன். வாங்கிப் பார்த்துவிட்டுச் சிரித்தார்: "பல்லு மூணு பாக்கி, லெட்டர் ஒண்ணு பாக்கி. எது முன்னாடி தீருதுன்னு பாப்போம்க்கா."

எச்சில்தான் பல்லைக் காக்கிறது என்று எங்கள் டாக்டர் சொல்வது நூற்றுக்கு நூறு சரி, ஆனால் அந்த எச்சில் ஊறுவதற்கு எட்டும் தூரத்தில் ஒரு கழிப்பறை வேண்டும் என்று அவர் படித்த எந்தப் புத்தகத்திலும் போடவில்லையாம்.